கைப்பேசியில் எது இல்லாவிட்டால் குறை?

திங்கட்கிழமை காலை வேளைகளில் நம் மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில் நாற்காலி கிடைப்பது அரிது. மணலி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எர்ணாவூர் எனப் பல இடங்களிலிருந்தும் வந்து, தங்கள் எண் அழைக்கப்படும் வரை மக்கள் காத்திருக்கின்றனர். அண்மையில் அப்படி ஒரு காலையில், துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரும் அவருடைய மகனும் என் அறைக்குள் வந்தபோதே ஒரு வாக்குவாதத்தையும் உடன் கொண்டுவந்தனர். முதியவரின் பழைய கைப்பேசி உடைந்துவிட்டது. மகன் புதிதாக ஒன்று வாங்கித்தர முன்வந்திருக்கிறார். அதில் இயர்போன் செருகும் துளை இல்லை என்பதுதான் தகராறு.

“அந்த ஓட்டையெல்லாம் இப்ப எதுலயும் வர்றதில்ல நைனா. புளூடூத் ஒண்ணு வாங்கிக்கலாம்” என்றார் மகன்.

“பாட்டு கேக்கறதுக்காடா கேக்கறேன்? டாக்டர் பேசறது காதுல விழணும் எனக்கு” என்றார் தந்தை.

மகன் கூறியது முழு உண்மையன்று. விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் அத்துளை இன்றும் உள்ளது. விலை ஏற ஏறத்தான் அது மறைகிறது. ஆயினும் அவர்களுடைய வாக்குவாதம் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. கைப்பேசியிலிருந்து ஒவ்வொரு வசதியாக நீக்கப்பட்டு வந்த இப்பத்தாண்டுகளில், எதை இழந்தோம், எது உண்மையில் தேவை என்ற விவாதம் பெரும்பாலும் இளைஞர்களுக்கிடையிலேயே நடந்துள்ளது. படுக்கையில் இருப்பவரையும் அவருக்குத் துணையிருப்பவரையும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் ஊருக்கு அருகிலேயே, திருப்பெரும்புதூரில், 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. அக்காலத்தில் நம் பகுதியில் பலர் வைத்திருந்த எளிய கைப்பேசிகளை நினைத்துப் பாருங்கள். பின்மூடியைத் தள்ளினால் பேட்டரி கையில் வரும். பல மாதிரிகளில் வானொலியும் டார்ச் விளக்கும் இருந்தன. இருட்டில் தடவியே எண்களை அழுத்தலாம். பின்னர் வந்த திறன்பேசிகளில் இவை ஒவ்வொன்றாகக் கழன்றன. 2015இல் சாம்சங் தன் முதன்மை மாதிரியான கேலக்ஸி எஸ்6இல் பேட்டரியைக் கழற்ற முடியாதபடி மூடியது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் இயர்போன் துளையை நீக்கியது. 2020இல் பெட்டியிலிருந்து சார்ஜரையும் எடுத்துவிட்டது. சார்ஜரைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. இப்போது பெரும்பாலான கைப்பேசிகளுக்கு ஒரே வகைக் கம்பி பொருந்துவதால், வார்டில் பக்கத்துப் படுக்கையினரிடம் வாங்கியே சமாளித்துக்கொள்கின்றனர். மற்றவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

மருத்துவன் என்ற முறையில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உடல் நலம் குன்றிய வேளையில் அந்த வசதி இல்லாது போனால், அதற்கு ஈடாக வேறொன்றைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியுமெனில் அக்குறை பொறுத்துக்கொள்ளத்தக்கது.

முதலில் அந்தத் துளை. நம் பகுதியில் துறைமுகம், கண்டெய்னர் கிடங்கு, பட்டறை ஆகியவற்றில் முப்பது, நாற்பது ஆண்டுகள் பேரிரைச்சலுக்கிடையே உழைத்தவர்கள் மிகுதி. வயது மூப்போடு அந்த இரைச்சலும் சேர்ந்து அவர்களுடைய கேட்கும் திறனைக் குறைத்துவிடுகிறது. நான் கூறும் மருந்து அளவு பாதிதான் காதில் விழும். விழாததற்கும் தலையசைத்துவிட்டு வீட்டுக்குச் சென்றுவிடுவர். கூகுள் நிறுவனம் 2019இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு ‘சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. கைப்பேசியின் ஒலிவாங்கி பிடிக்கும் பேச்சைப் பெருக்கி இயர்போன் வழியாகக் காதுக்குத் தரும் செயலி அது. முதியவர் அதைத்தான் பயன்படுத்தி வந்தார். கைப்பேசியை என் மேசையில் வைத்துவிட்டு, இயர்போனைக் காதில் பொருத்திக்கொண்டு அமர்வார். சாதாரணக் கம்பி இயர்போன். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பது.

புளூடூத் இயர்போனில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். பாட்டுக் கேட்பவருக்கு அது பொருட்டில்லை. எதிரிலிருப்பவரின் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டே கேட்கும் முதியவருக்கு அத்தாமதம் குழப்பத்தைத் தரும். அதற்கும் தனியே சார்ஜ் ஏற்ற வேண்டும். அது சிறியது என்பதால் படுக்கை விரிப்போடு சலவைக்கும் போய்விடுகிறது. வார்டில் அப்படித் தேடி அலைந்த துணையாளர்களைக் கண்டிருக்கிறேன். துளை இல்லாத கைப்பேசியோடு கம்பி இயர்போனை இணைக்கச் சில நூறு ரூபாய்க்கு ஓர் இணைப்பான் கிடைக்கிறது. அதைச் செருகியிருக்கும்போது சார்ஜ் ஏற்ற இயலாது என்பது ஒரு தொல்லை. எனினும் வழி இருக்கிறது. இச்செயலி செவிக்கருவிக்கு மாற்றாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காது மந்தமாக உள்ளவர்கள் செவித்திறன் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

துளையோடு சேர்ந்து போன மற்றொன்று வானொலி. கைப்பேசியில் எஃப்எம் வானொலிக்கு இயர்போன் கம்பியே ஆன்டெனாவாகப் பயன்பட்டது. கம்பி போனதும் வானொலியும் பின்தொடர்ந்தது. இது இந்தியாவில் மட்டும் எழுந்த கவலையன்று. 2017இல் அமெரிக்காவில் அடுத்தடுத்துச் சூறாவளிகள் வீசியபோது, அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் அஜித் பய், ஐபோன்களில் எஃப்எம் வசதியைச் செயல்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனத்தை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். ஐபோன் 7, 8 மாதிரிகளில் அதற்கான சில்லும் ஆன்டெனாவுமே இல்லை என்று நிறுவனம் விடையளித்தது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் இறுதியில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், கைப்பேசிகளில் எஃப்எம் வானொலியை முடக்காமல் இயங்கு நிலையில் தருமாறு தயாரிப்பாளர் சங்கங்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் காலத்தில் செய்தி சேர வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் பெய்த மழையில் வடசென்னையின் பல தெருக்கள் நீரில் நின்றன. பல இடங்களில் மின்சாரம் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மக்களுக்கு எண்ணெய்ப் படலமும் சேர்ந்து துன்பம் தந்தது. இணையம் வழியே கேட்கும் வானொலியால் அத்தகைய நாள்களில் பயனில்லை, ஏனெனில் அதற்கும் கைப்பேசிக் கோபுரம் வேண்டும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அக்டோபரில், சோதனைக்காக எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறிய அபாய எச்சரிக்கைச் செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். அதுவும் கோபுரம் இயங்கினால்தான் வந்து சேரும். இருப்பினும், உலர் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. நெடுநாள் நோயாளி உள்ள வீட்டில் மாத்திரை டப்பாவுக்கு அருகில் அது ஒன்று இருக்கட்டும்.

அந்தப் புயல் நாள்களில் நடந்த ஒன்றை இங்கே கூற வேண்டும். அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். மின்சாரம் போன முதல் இரவு முழுவதும் கைப்பேசியின் டார்ச் விளக்கை எரியவிட்டிருக்கிறார். விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி இயங்காததால் இன்சுலின் கெட்டுப்போயிருக்கும் எனத் தாமாகவே முடிவு செய்து, ஊசி போடுவதை நிறுத்திவிட்டார். கேட்பதற்குத் தொலைபேசி இல்லை. மூன்று நாள் கழித்து நீர் வடிந்ததும், மயங்கிய நிலையில் அவரைத் தூக்கி வந்தனர். இரத்தச் சர்க்கரை எங்கள் கருவி காட்டக்கூடிய உச்ச அளவையும் தாண்டியிருந்தது. ஐந்து நாள் தீவிர சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார்.

ஒரு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் அவருக்குச் சொல்லியிருக்கக் கூடிய விடை இது: பயன்பாட்டிலுள்ள இன்சுலின் குப்பியை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத, வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வெளியிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். உங்கள் மருந்துக்கான கால அளவு பெட்டியினுள் இருக்கும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

கழற்றக்கூடிய பேட்டரி இருந்து, சார்ஜ் ஏற்றிய மற்றொன்று கைவசம் இருந்திருந்தால் அவர் அழைத்திருப்பார் என்று அந்நாள்களில் நானும் எண்ணினேன். பின்னர் நிதானமாகச் சிந்தித்தபோது, அந்த வேலையைப் பவர் பேங்க் செய்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கோபுரம் செயலிழந்திருந்தால் இரண்டுமே பயன்பட்டிருக்கா என்பது வேறு. கழற்றக்கூடிய பேட்டரியின் அருமை வேறிடத்தில் உள்ளது. மூன்று ஆண்டுகள் ஆனதும் பேட்டரி தளர்ந்து, நண்பகலுக்குள் அணைந்துவிடும் கைப்பேசிகள்தாம் பெரும்பாலும் முதியவர்களின் கையில் உள்ளன. பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்தவை அவை. பேட்டரியை எளிதில் மாற்ற முடிந்தால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தண்ணீர் புகாதிருக்க வேண்டுமெனில் பேட்டரியை மூடித்தான் ஆக வேண்டும் என்ற வாதமும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5, பின்மூடியைக் கழற்றக்கூடியதாகவும் நீர் தாங்குவதாகவும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி விதிமுறை, சில விலக்குகளோடு, பயனரே பேட்டரியை மாற்றக்கூடிய வகையில் கருவிகள் அமைய வேண்டும் என்பதை 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. அதன் பயன் நம் சந்தைக்கும் வந்து சேரட்டும்.

இப்போது, இல்லையே என்று நோயாளிகள் என்னிடம் மிகுதியாகக் குறைபட்டுக்கொள்ளும் ஒன்றுக்கு வருகிறேன். “இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன் டாக்டர், இதில் சர்க்கரை பார்க்க முடியவில்லையே” என்பர். அது இல்லாதது நல்லதே என்பது என் கருத்து. தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரமோ மோதிரமோ எதற்கும் தாங்கள் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. ஆனாலும் கடிகாரத்தில் எண் தெரிகிறதே என்று நம்பி இன்சுலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கொண்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுள் ஒருவர், கடிகாரம் 240 என்று காட்டியதால் கூடுதல் ஊசி போட்டுக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே விரலில் குத்திப் பார்த்தபோது இருந்த அளவு 46.

ஆக்சிஜன் அளவு பற்றியும் இதையே கூறுவேன். கேலக்ஸி எஸ்10 வரையிலான சில உயர்விலை மாதிரிகளின் பின்புறத்தில் நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் காட்டும் உணரி ஒன்று இருந்தது. 2020இல், கொரோனா பரவத் தொடங்கிய அதே ஆண்டில், எஸ்20இல் அது நீக்கப்பட்டது. காலத்தின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பின், கேமராவின் மீது விரலை வைத்தால் ஆக்சிஜனைக் காட்டுவதாகக் கூறிய செயலிகள் பெருகின. அவற்றை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவது ஆபத்து. விரலில் மாட்டும் தனிக் கருவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை உணரியைப் பயன்படுத்துவோர் மட்டும் ஒரு வசதியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவற்றுள் பல, ‘என்எஃப்சி’ எனப்படும் அண்மைத் தொடர்பு வசதி உள்ள கைப்பேசியோடுதான் இயங்கத் தொடங்கும். குறைந்த விலைக் கைப்பேசிகளுள் பலவற்றில் அது இல்லை. உணரியை வாங்கிய பின் இதை அறிந்து திகைப்பவர்கள் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்ச்சிக் கருவி பொருத்தியவர்களுக்கு இன்னொரு குறிப்பு: காந்தம் பதித்த புதிய கைப்பேசிகளைச் சட்டைப் பையில், நெஞ்சின் மேல் வைக்காதீர்கள். கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் விலகியிருக்கட்டும்.

இதுவரை கூறிய குறைகளுக்கெல்லாம் ஏதோ ஓர் ஈடு உண்டு. ஈடு இல்லாத குறையை நான் அவசரப் பிரிவில் கண்டேன்.

தலையில் அடிபட்டு நினைவிழந்த ஒருவரை, உடன் வேலை செய்தவர்கள் ஆட்டோவில் கொண்டுவந்தனர். அவருடைய பெயருக்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது, பூட்டியிருந்தது. விரலை வைத்துத் திறக்க முயன்றனர். ஆண்டுக்கணக்கில் கயிறும் இரும்பும் பிடித்துத் தேய்ந்து வெடித்த விரல். கைப்பேசி அதை ஏற்கவில்லை. (கைரேகை அழிவதற்கு உழைப்பு மட்டும் காரணமாவதில்லை. கேபசிட்டபின் என்னும் புற்றுநோய் மருந்தாலும் ரேகை மங்கலாம். சிங்கப்பூரைச் சேர்ந்த நோயாளி ஒருவர் அதனால் 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.) ஸ்கேன் எடுக்கும் பணி எதற்காகவும் காத்திருக்கவில்லை. ஆனால் அவர் வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர் என்பது எங்களுக்குத் தெரிய நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவும் எப்படியெனில், அந்தக் கைப்பேசி ஒலித்தது. சாப்பிட வரவில்லையே என்று அவர் மனைவி அழைத்தார். மூளையில் இரத்தக் கசிவு உள்ளவருக்கு அந்த மாத்திரையின் விளைவை உடனே மாற்ற வேண்டும்; அதில் நாற்பது நிமிடம் என்பது சிறிய காலமன்று. அவர் பிழைத்தார், வலக்கையின் வலு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இத்தனைக்கும் அதற்கான வசதி அவருடைய கைப்பேசியிலேயே இருந்தது. எவரும் நிரப்பவில்லை, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் சென்று ‘அவசரகாலத் தகவல்’ அல்லது ‘மருத்துவத் தகவல்’ எனத் தேடுங்கள். ஐபோனில் ‘ஹெல்த்’ செயலியில் ‘மெடிக்கல் ஐடி’ என்று இருக்கும். நிரப்பிய பின், பூட்டியிருக்கும்போதும் காட்டுமாறு அமைக்க வேண்டும். அதன்பின் கடவுச்சொல் அறியாதவரும், பூட்டுத்திரையில் உள்ள அவசர அழைப்பை அழுத்தி அதைப் படிக்கலாம். பலர் முதலில் இரத்த வகையைத்தான் எழுதுகின்றனர். எழுதியிருப்பதை மட்டும் நம்பி நாங்கள் இரத்தம் ஏற்றுவதில்லை. எப்படியும் மீண்டும் சோதிப்போம். எங்களுக்கு வேண்டியவை, உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், இருக்கும் நோய்கள், இரு உறவினரின் எண்கள். ஆங்கிலத்திலோ தமிழிலோ, எதில் எழுதினாலும் படித்துக்கொள்வோம்.

பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். மத்திய அரசு 2016இல் வகுத்த விதிகளின்படி, எண்பலகை உள்ள கைப்பேசியில் 5 அல்லது 9 எண்ணை நீள அழுத்தினாலும், திறன்பேசியில் மின்பொத்தானை விரைந்து மும்முறை அழுத்தினாலும் அவசர அழைப்பு செல்ல வேண்டும். சில மாதிரிகளில் ஐந்து முறை அழுத்த வேண்டியுள்ளது. உங்கள் கைப்பேசியில் எத்தனை முறை என்பதை உடல் நன்றாயிருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்குபவருக்கும், நீரிழிவால் விரல் நுனி மரத்துப்போனவருக்கும், தொடுதிரையைவிட அந்த ஒற்றைப் பொத்தானே கைகொடுக்கும்.

முதியவருக்கும் மகனுக்கும் என் பரிந்துரையைக் கூறினேன்: துளை உள்ள, விலை குறைந்த மாதிரி ஒன்றே போதும். கேமரா சுமாராகத்தான் இருக்கும் என்று மகன் முணுமுணுத்தார். “என் மூஞ்சிய நான் எதுக்குடா படம் எடுக்கப்போறேன்” என்றார் தந்தை.

புதுக் கைப்பேசி வந்ததும் நிரப்புவதற்காக, அவருடைய மருந்துப் பட்டியலை அப்போதே ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். மருந்துகள் என் கோப்பில் இருந்தபடியே வந்தன. ஒவ்வாமை என்ற இடத்துக்கு வந்ததும், ‘இல்லை’ என்று எழுதப்போனேன். இயர்போனைச் சரிசெய்துகொண்டே அவர் குறுக்கிட்டார். “எழுதிக்குங்க டாக்டர். பென்சிலின் ஊசி போட்டா எனக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு அடைக்கும். சின்ன வயசுல ஒரு தடவை பொழைச்சதே பெரிசு.”

ஆறு ஆண்டுகளாக அவர் என்னிடம் சிகிச்சை பெறுகிறார். என் கோப்பில் அது இல்லை. சிவப்பு மையால் முகப்பில் எழுதிவிட்டு, தாளிலும் எழுதிக் கொடுத்தேன்.